கல்லுக்கு வேர்த்த மத்தியானம்

பால் பாக்கெட்டுக்கும், பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் தோசைமாவுக்கும் நடுவில், எவர்சில்வர் கிண்ணத்துக்குள் சுருண்டு படுத்து அது குளிர்ந்துகொண்டிருக்கிறது, பழனாத்தாள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து ஒற்றை விரலால் தொட்டுப் பார்க்கிறாள், போதாது, இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று சாத்துகிறாள், சாத்திய கை கைப்பிடியை விடவில்லை, மறுபடி திறக்கிறாள், காலையிலிருந்து இதே கதைதான், அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜில் உங்களுக்கென்ன வேலை என்று கேட்கலாம், கேட்பவர்கள் வெள்ளகோவிலில் எங்கள் வீதிக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும், சமையலறை ஜன்னல்களை எதிரெதிரே வைத்துக் கட்டியது கொத்தனார் செய்த காரியம், பார்ப்பது மட்டும்தான் நாங்கள்.

கிண்ணத்தில் இருப்பது ஸ்படிக மாலை, அவள் கழுத்தில் தாலிக்கு அடுத்தபடியாகக் கிடந்தது, கல்யாணமான புதிதில் புருஷன் சென்னியப்பன் காசிக்குப் போய் வாங்கிவந்து போட்டது, அதற்கப்புறம் எங்கள் வீதியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரைக்கு முன்னால் பழனாத்தாள் வீட்டுச் சொம்புதான் வரும், மாலையை ராத்திரி முழுக்க ஊறவைத்த தண்ணீர், உஷ்ணத்தை இழுத்துவிடும் என்பாள், நாங்களும் குடித்தோம், எதிர்வீட்டு வசந்தாமணி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், தண்ணீரில் என்ன நாற்றம் இருக்கிறது மூக்கைப் பிடிக்க, பழனாத்தாளின் பெருமைதான் அவளுக்கு நாறியது. எங்கூட்டுக்காரரு கங்கையில இடுப்பளவு தண்ணியில நின்னுட்டு வாங்குன மாலை என்று பழனாத்தாள் ஆரம்பித்தால் கரண்ட் போனாலும் நிறுத்த மாட்டாள். அப்படிப்பட்ட மாலையை இன்றைக்கு ஏன் தோசைமாவோடு படுக்கவைத்திருக்கிறாள் என்றால், மூன்று மணிக்குக் காங்கேயத்திலிருந்து செல்வநாயகி வருகிறாள், செல்வநாயகி யாரென்றால் பழனாத்தாள் மகள் தாரணி கோயமுத்தூர் ஆபீசில் கூட வேலை செய்யும் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாளே, அந்தப் பையனைப் பெற்றவள், சாதி ஒன்று, கூட்டம் என்கிற குலம் வேறு, குலதெய்வம் வேறு, பெரியவர்கள் பார்க்கவேண்டிய பொருத்தத்தையெல்லாம் பெண்ணே பார்த்து முடித்துவிட்டாள், பாக்கி இருப்பது சென்னியப்பன் தலையாட்டுவது ஒன்றுதான், அதுதான் ஆடவில்லை.

காங்கேயம் என்ற பேரைக் கேட்ட அன்றைக்கே அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார், காங்கேயத்துத் தண்ணி ஆகாது என்றார், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது, தாரணி போனில் அழுதாள், அப்புறம் போன் செய்வதையே நிறுத்தினாள், அந்தப் பக்கம் பேச்சில்லாமல் போனால் பழனாத்தாளுக்குச் சோறு இறங்காது, ஒற்றைப் பெண். தண்ணீர் ஆகாதென்று சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கிற ஆளை எங்கேயாவது பார்த்ததுண்டா, இங்கிருந்து அரைமணி நேர பஸ், அந்த ஊர்த் தண்ணீருக்குக் கொம்பா முளைத்திருக்கிறது. பழனாத்தாள் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள், பையன் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல்லுப் பட்டறை, ராசிக்கல் பட்டை தீட்டுவது, மணி உருட்டுவது, தொளை போடுவது, அந்த வீட்டுப் பொம்பளை இந்த மாலையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் கல்லா கண்ணாடியா என்று சொல்லிவிடுவாள், மனுஷன் அதற்குத்தான் நடுங்குகிறார், காசியில் எவனோ கண்ணாடி மணியைத் தலையில் கட்டிவிட்டான், இத்தனை வருஷமும் தெரிந்தே வாய்மூடி இருந்திருக்கிறார், இப்போது அவமானப்பட்டு வீதி சிரிக்குமென்றால் மகள் கல்யாணமே வேண்டாமென்பார், அந்த வீம்பு அவர் குடும்பத்துச் சொத்து. ஆகவே மாலை ஸ்படிகமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டாலும் மூன்று மணிக்கு மட்டுமாவது இருந்தாக வேண்டும், நெசக் கல்லென்றால் தொட்டால் குளிரும், கண்ணாடி குளிராது, இது அவளுக்குத் தெரியும், இந்தச் சித்திரை வெயிலில் கழுத்தில் கிடந்த மாலையோ அவள் உடம்பைப் போலவே கொதித்தது, அதனால்தான் ஃபிரிட்ஜ்.

தொட்டால் குளிரும் என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான், கதவைத் திறந்தபடி நிற்கும் பழனாத்தாள் கழுத்தில் இப்போதும் அந்தக் குளிர் இறங்குகிறது, காசியிலிருந்து வந்த சாயங்காலம், தன்னைப் பெற்றவள் கண்ணெதிரில், வெட்கமில்லாமல், அவரே மாலையைப் போட்டுவிடுகிறார், பொண்டாட்டியின் பேரைச் சொல்லவே மூன்று தடவை தொண்டையைக் கனைக்கிற மனுஷன், அவள் தோள் சிலிர்க்கிறது, குளுருதா, நெசக் கல்லு குளுரும் என்று காதோரம் சொல்லிவிட்டு விடுவிடுவென்று மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போய்விட்டார், அவ்வளவுதான், அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வருஷத்தில் வந்த சரசப் பேச்சு மொத்தமும் அதுதான், அவளுக்கு அது வருஷக்கணக்கில் போதுமாக இருந்தது. போகும்போது மேளம் வைத்து மாலை போட்டு வழியனுப்பினோம், எங்கள் வீதியில் காசியைப் பார்க்கப்போன முதல் இளவட்டம், தாராபுரத்துக் கோஷ்டியோடு சேர்ந்துகொண்டார், அந்தக் கோஷ்டியில் இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, அரை மாசம் கழித்து இளைத்துப்போய் வந்தார், உள்ளங்கையெல்லாம் வெடிப்பு, காது மடலுக்குப் பின்னால் மாவு பூசினாற்போல வெள்ளை, ஓயாத இருமல், என்னங்க இது என்றால் கங்கைத் தண்ணி கடுங்குளிர் என்றார், காதுக்குப் பின்னால் வெள்ளை எப்படி வந்தது என்று இவள் கேட்கவில்லை, விபூதியாக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டுமே, அவர் கத்திரிக்காயை விட்டார், எண்ணெய்க் கத்திரிக்காய் என்றால் சட்டியை வழிக்கிற ஆள், அதற்கப்புறம் அவர் பல்லில் கத்திரிக்காய் பட்டதில்லை, கல்யாணப் பந்தியில் சாம்பாரைக்கூடக் கிளறிப் பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வார். மாமியார்க்காரி சாகக் கிடந்தபோது அவர் கொண்டுவந்த காசித் தீர்த்தச் சொம்பை உடைத்து வாயில் ஊற்றினார்கள், கிழவி கண்ணை மூடவில்லை, எழுந்து உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி கேட்டாள், பிறகு வெகுகாலம் இருந்து எல்லோரையும் ஒரு பாடு படுத்திவிட்டுத்தான் போனாள், காசித் தீர்த்தத்தின் மகிமை என்று நாங்களும் சொன்னோம்.

வாசலில் கார் வந்து நிற்கிறது, பழனாத்தாள் கிண்ணத்திலிருந்து மாலையை எடுத்து அவசரமாகக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள், ஐயோ என்று ஒரு துள்ளல் துள்ளி, பிறகு சிரித்த முகமாக வாங்க வாங்க என்கிறாள். செல்வநாயகி குட்டையாக, உருண்டையாக, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு, தனியாளாக வந்து இறங்குகிறாள், வூட்டுக்காரருக்குப் பட்டறைய உட்டுட்டு வர முடியலீங்க என்கிறாள், உங்கூட்டுக்காரரு எங்கீங்க என்கிறாள், முடி வெட்டப் போயிருக்கறாருங்க என்று பழனாத்தாள் சொல்கிறாள், பொய்யில்லை, காலை எட்டு மணிக்குப் போனவர், அந்தத் தலையில் வெட்டுவதற்கு அவ்வளவு நேரத்துக்கான முடி கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். முறுக்கு வந்தது, காப்பி வந்தது, வெயிலைப் பற்றி, மழை பொய்த்ததைப் பற்றி, பையன் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான் என்பதைப் பற்றி எல்லாம் பேசியாயிற்று, பழனாத்தாளுக்குக் காது அதில் இல்லை, மாலை சூடேறுவதற்குள் இவள் தொட்டுத் தொலைக்க வேண்டுமே என்று கழுத்தை நீட்டி நீட்டி உட்காருகிறாள், கடைசியில் செல்வநாயகியே பார்த்தாள், ஸ்படிகமுங்களா, கொடுங்க பாக்கலாம் என்று கையை நீட்டினாள், வாங்கினாள், உள்ளங்கையில் வைத்தாள், வைத்த கையைத் திருப்பிப் பார்த்தாள், கை முழுக்க ஈரம், மணிக்கு மணி முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கிறது, பழனாத்தாளின் ரவிக்கைக் கழுத்திலும் வட்டமாக நனைந்திருக்கிறது.

செல்வநாயகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், மாலையைப் பார்த்தாள், பழனாத்தாளைப் பார்த்தாள். ஏனுங் சம்பந்தி, கல்லுக்கு வேர்க்குதுங்களே.

வெயிலுங்களே, என்றாள் பழனாத்தாள்.

தாரணி முகம் அவள் கண்முன் வருகிறது, வீதி முழுக்கச் சிரிக்கிற சத்தம் இப்போதே கேட்கிறது, நாங்கள் சிரிக்கவில்லை, அப்போது ஜன்னலோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம். செல்வநாயகி சிரிக்கத்தான் சிரித்தாள், ஆனால் அது வேறு சிரிப்பு, ஐஸ்ல வெச்சாக் கத்திரிக்காயுங் குளுருமுங்க, அதுக்கெதுக்கு இத்தனை கஷ்டம் என்று சொல்லிவிட்டு, தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கினாள், டீப்பாயின் மேல் நீட்டிவைத்தாள், மாலையில் நெல்லிக்காய் பருமனில் தொங்கும் நாயகமணியை அதன்மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, வாங்க, கிட்ட வந்து பாருங்க என்றாள், பழனாத்தாள் குனிந்தாள், மணிக்குள்ளே ஒரு முடி இரண்டு முடியாகத் தெரிகிறது, கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் இரண்டு, கண்ணாடியின்னா ஒண்ணுதானுங்க தெரியும், கல்லுன்னாத்தான் உள்ள போற வெளிச்சம் ரண்டாப் பிரியும், இது கல்லுங்க, சுத்தமான கல்லு. பழனாத்தாள் நம்பாமல் நிமிர்ந்தாள், இன்னொரு தரம் குனிந்தாள், அவளுக்கு ஒரு முடி இரண்டானதைவிட, நின்றுபோன மூச்சு திரும்பி வந்ததுதான் பெரிதாக இருந்தது, அப்புறம் ஏனுங்க கழுத்துல கெடக்கறப்ப கொதிக்குது என்று கேட்டாள், உங்க சூட்டை அது சட்டுனு வாங்கிக்குது, அதனாலதானே தொட்டதும் குளுருது, கண்ணாடி அத்தனை வெரசா வாங்காதுங்க, ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கிட்டே கெடந்தா அதுக்குமேல எதைக் குளுரச் சொல்றீங்க என்றாள் செல்வநாயகி.

பட்டறை வீட்டுப் பொம்பளைக்குக் கல் பேச்சு கிடைத்துவிட்டால் காப்பி ஆறிப்போகும், ஆறியது. தோட்டத்துல கெடக்குமே வெங்கச்சாங்கல்லு, வெள்ளை வெளேர்னு, அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்க என்றாள், பழனாத்தாளுக்குத் திக்கென்றது, அப்பன் தோட்டத்தில் ஏர் போகவிடாமல் கிடந்த கல், வரப்பில் குவித்த கல், நாயை விரட்டப் பொறுக்கிய கல், சின்ன வயதில் ஒரு மத்தியானம் குதிருக்குப் பின்னால் இருட்டு மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவளும் தங்கச்சியும் இரண்டு கல்லை உரசுகிறார்கள், கல்லுக்குள்ளேயே மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து போகிறது, முடி கருகினாற்போல் ஒரு வாசம், இன்னொருக்கா இன்னொருக்கா என்கிறாள் தங்கச்சி, அந்தக் கல்லையா இத்தனை காலமும் கழுத்தில் போட்டுக்கொண்டு காசி காசி என்று பேசியிருக்கிறோம். பூமிக்கடியில் பாறை வெடிப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டு கிடக்குமாம், மணல் அதில் சர்க்கரை மாதிரி கரைந்திருக்குமாம், தண்ணீர் ஆற ஆற, யாரும் அவசரப்படுத்தாமல், பாகில் கல்கண்டு கட்டுவதுபோல ஆறு பட்டையாகக் கட்டி வளருமாம், உள்ளே பொடிப்பொடியாகத் தண்ணீரும் காற்றும் மாட்டிக்கொண்டால் வெங்கச்சாங்கல், ஒன்றும் மாட்டாமல் தெளிந்தால் ஸ்படிகம், அதே மணலை உலையில் போட்டு உருக்கி அவசர அவசரமாக ஆறவிட்டால் கண்ணாடி. அதா, உங்கூட்டுக் கடியாரத்துக்குள்ளயும் இதுல ஒரு துணுக்கு இருக்குதுங்க, கரண்டு பட்டா நடுங்கும், அந்த நடுக்கத்தை எண்ணித்தான் முள்ளு நகருது என்று செல்வநாயகி சுவரைக் காட்டினாள், பழனாத்தாள் கடிகாரத்தை ஒரு புது மரியாதையோடு பார்த்தாள், அதையும் ஊறவைத்துக் காய்ச்சலுக்குத் தண்ணீர் கொடுக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியிருக்காது என்று நாங்கள் சத்தியம் பண்ண மாட்டோம்.

பேசிக்கொண்டே செல்வநாயகியின் விரல்கள் மணி மணியாக உருட்டிக்கொண்டு வந்தன, தொழில் பழக்கம், ஒரு மணியில் வந்து நின்றன. நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினாள், மணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், இது எங்க வாங்குனதுங்க என்றாள், குரல் வேறு மாதிரி இருந்தது, காசியிலீங்க என்றாள் பழனாத்தாள், செல்வநாயகி இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள், தொளை பாதி இக்கட்டால போட்டு, பாதி அக்கட்டால போட்டு நடுவுல சேர்க்கறது எங்க மாமனார் பட்டறை வழக்கம், மத்த மணியில எல்லாம் நேராச் சேர்ந்திருக்குது, இதுல நடுவுல படி வெச்ச மாதிரி கோணை, புதுக் கை போட்டது, இந்தக் கோணைய நான் பாத்திருக்கறேன் என்று சொல்லிவிட்டு, மாலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள், அவள் கல்யாணமாகி வந்த வருஷம், மாமனாருக்கு மாட்டுத்தாவணிச் சந்தையில் பழக்கமான ஒருத்தர், காசிக்குக் கிளம்பி, ஜோலார்பேட்டையில் டீ குடிக்க இறங்கி, ரயிலை விட்டுவிட்டு வந்து நின்றார், பெட்டி படுக்கையெல்லாம் ரயிலோடு போய்விட்டது, மேளம் வைத்து அனுப்பிய வீதிக்கு மறுநாளே திரும்பிப்போக முகமில்லை, அரை மாசம் பட்டறையிலேயே கிடந்தார், சும்மா சோறு தின்ன மாட்டேனென்று சக்கரத்தில் உட்கார்ந்தார், தானே கல்லைப் பொறுக்கி, தானே உருட்டி, தானே தொளைபோட்டு ஒரு மாலை பண்ணினார், யாருக்குங்க என்று கேட்டால் முகம் சிவந்துபோகும், பட்டறை முழுக்க அவருக்குக் காசிக்காரர் என்றுதான் பேர், ஊருக்குப் போகிற அன்றைக்குக் கடைசியாக எண்ணெய்க் கத்திரிக்காய் கேட்டு வாங்கி வயிறுமுட்டத் தின்றார், கிணத்துத் தண்ணியை ஒரு சொம்பில் பிடித்து மாமனாரிடம் ஈயம் வைத்து அடைத்துத் தரச் சொன்னார், எதுக்குங்க என்றால் அதற்கும் முகம் சிவந்தது.

பழனாத்தாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எங்களைப் பார்த்தாளா, அரை மாசத்தைப் பார்த்தாளா, சொல்லத் தெரியவில்லை, காதுக்குப் பின்னால் வெள்ளை, உள்ளங்கையில் வெடிப்பு, இருமல், விபூதியென்று கன்னத்தில் போட்டுக்கொண்டது, கருப்பட்டிக் காப்பி கேட்ட மாமியார், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கட்டுகிறது, முகம் முதலில் கறுத்தது, இத்தனை வருஷம் என்னை ஏமாத்திப் போட்டாரே என்று உதடு அசைந்தது, பிறகு அந்த உதடே கோணியது, அப்பக் காசிக்குப் போனது பைதானுங்களா என்று கேட்டாள், பை போயிட்டு வந்துதுங்க, கோஷ்டிக்காரங்க கொண்டாந்து குடுத்தாங்க என்றாள் செல்வநாயகி, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வசந்தாமணி வீட்டு நாய் எழுந்து குரைத்தது. எங்கூட்டுச் சோத்த அரை மாசம் தின்னவரு, எம்மாமனாருக்கு மவனாட்ட இருந்தவரு, இதுக்குமேல என்னத்தப் பொருத்தம் பாக்கறதுங்க, நீங்க உங்க பக்கத்தைச் சரிபண்ணுங்க, நான் பாத்தது காசி மாலைதான் என்று செல்வநாயகி மாலையைத் தன் கையாலேயே பழனாத்தாள் கழுத்தில் போட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

கார் தெருமுனை திரும்பியதை எங்கிருந்தோ பார்த்திருக்க வேண்டும், சென்னியப்பன் பின்பக்கமாக வந்தார், ஒட்ட வெட்டிய தலை, புதிதாகக் கறுப்படித்த மீசை, போயிட்டாங்களா என்றார், போயிட்டாங்க என்றாள், என்ன சொன்னாங்க என்றார், பழனாத்தாள் அடுப்பு மேடையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள், மாலையப் பாத்தாங்க என்றாள், அவர் எச்சில் விழுங்குவது எங்கள் ஜன்னல்வரை கேட்டது. கல்லு நல்ல கல்லாம், வேலைதான் மட்டமாம், உருட்டுனவனுக்குத் தொழிலே தெரியாதாம், மணிக்கு மணி தொளை கோணையாம்.

மணிக்கு மணியா, என்றார் சென்னியப்பன், அவ சொன்னாளா, பட்டறைக்காரன் ஊட்டுப் பொம்பளையா அப்படிச் சொன்னா, நூத்தியெட்டுல ஒண்ணே ஒண்ணுதான் கோணை, அதும் எனக்குப் பல்லு வலி அன்னைக்கு.

சொல்லி முடித்த வாய் திறந்தபடியே நின்றது. குக்கர் ஒரு விசில் விட்டது, யாரும் அதை அணைக்கவில்லை.

பல்லு வலியா, காசியிலயா, என்றாள் பழனாத்தாள்.

அவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார், தோளில் இருந்த துண்டை எடுத்தார், மடித்தார், மறுபடி தோளில் போட்டுக்கொண்டார், எல்லாரும் மேளம் வெச்சு உட்டாங்க பழனா என்றார், அவள் பேரை அவர் அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதே கிடையாது, எப்படி உடனே வர்றது, நீ வேற வாசல்ல நின்னு கையாட்டுன. அவள் சண்டை போடுகிற குரலிலேயே சொன்னாள், காங்கேயத்துத் தண்ணி ஆகாதுன்னீங்களே, உங்கம்மாளுக்கு ஆச்சே, சாகக் கெடந்தவளை எந்திரிச்சு உட்கார வெச்சதே அந்தத் தண்ணிதானே, எம்புள்ளைக்கு மட்டும் எப்படி ஆகாமப் போகும். அவர் தலையை ஆட்டினார், ஆகாது என்றா, ஆகும் என்றா என்று எங்களுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை, போன் எங்க வெச்சே, தாரணியக் கூப்புடு, நானே சொல்றேன் என்றபோதுதான் பிடிபட்டது, அவர் பேசினார், அந்தப் பக்கம் பெண் அழுதாள் போலிருக்கிறது, இவரும் மூக்கை உறிஞ்சினார், பழனாத்தாள் போனைப் பிடுங்கி, மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் புடிக்குமான்னு கேளு சாமி என்றாள். வீதிக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்கிறீர்களா, மறுநாளே வசந்தாமணி பேத்திக்குக் காய்ச்சல் என்று சொம்பு போயிற்று, காசி ஸ்படிகம், காங்கேயத்துக்காரங்களே பாத்துட்டு அசந்துபோயிட்டாங்க என்று கொடுத்தாள், வசந்தாமணி ஒன்றும் தெரியாததுபோல மூக்கைப் பிடிக்காமல் வாங்கிக்கொண்டாள், அவ்வளவும் ஜன்னலில் கேட்டுவிட்டு எப்படி வாங்கினாள் என்பது அவளுக்கும் அவள் ஜன்னலுக்கும் வெளிச்சம்.

ஆனால் அது மறுநாள், அன்றைக்குச் சாயங்காலம் போனை வைத்தபிறகு சென்னியப்பன் அந்த மாலையைக் கொஞ்சம் கழட்டிக் குடு என்று கேட்டார், எந்த மணின்னு காட்டுனாளா, எனக்கே மறந்துபோச்சு என்றார், பொழுது இறங்கிவிட்டது, ட்யூப்லைட் முணுக்கு முணுக்கென்று விட்டு விட்டு எரிகிறது, அந்த வெளிச்சத்தில் தொளை தெரியவில்லை, அவர் வீட்டுக்குள் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டுக் கடைசியில் ஃபிரிட்ஜ் கதவை அகலத் திறந்தார், பால் பாக்கெட்டுக்கும் தோசைமாவுக்கும் நடுவில் எரியும் அந்தச் சின்ன பல்புக்கு எதிரே மாலையைத் தூக்கிப் பிடித்தார், ஒவ்வொரு மணியாக உருட்டி உருட்டிப் பார்க்கிறார், இது நேரு, இதுவும் நேரு, இதப் பாரு எத்தனை சுத்தமாச் சேர்ந்திருக்குது என்கிறார், உள்ளேயிருந்து குளிர் புகையாக வழிந்து அவர் புதுமீசையில் படிகிறது, கரண்டு பில்லுக்காகக் கதவை ஒரு விநாடி கூடத் திறந்துவைக்க விடாத பழனாத்தாள் பக்கத்தில் நின்று, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு, இன்னொருக்கா காட்டுங்க, இன்னொருக்கா என்கிறாள்.